எலாப் வருவதற்கு முன்பே

நோக்கியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது: ஆய்வகங்கள் அருமையானவை, தலைமைதான் கெடுத்தது. ஸ்டீபன் எலாப் 2010 செப்டம்பரில் மைக்ரோசாப்டிலிருந்து தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார், 2011 பிப்ரவரியில் நோக்கியா 'எரியும் மேடை'யில் நிற்கிறது என்று ஊழியர்களுக்கு மடல் எழுதினார், சொந்த மென்பொருளைக் கைகழுவி விண்டோஸைக் கட்டிக்கொண்டார், கதை முடிந்தது. இந்த வழக்கின் முதல் சாட்சி என்9. 2011 ஜூனில் அறிமுகமாகி விமர்சகர்களின் பாராட்டை அள்ளிய அந்தக் கைபேசியைக் காட்டி, "இதைச் செய்யத் தெரிந்தவர்களையா கலைத்தார்கள்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். கடையில் சொந்த மென்பொருளான சிம்பியனில் ஓடும் கைபேசி விற்றுக்கொண்டிருக்கும்போதே அதற்கு எதிர்காலம் இல்லை என்று முதலாளியே அறிவித்தது பெரும் பிழை. மாற்றான விண்டோஸ் கைபேசி லூமியா வர 2011-இன் கடைசி மாதங்கள் ஆயின. வானொலி அலை, அலைவாங்கி, ஒளிப்படக்கருவி ஆகியவற்றில் நோக்கியா பொறியாளர்களுக்கு நிகர் சொல்வது கடினம். 2012-இல் வந்த 808 பியூர்வியூவின் 41 மெகாபிக்சல் உணரி அதற்குச் சான்று. காப்புரிமை வருமானம் இன்றும் அந்த நிறுவனத்துக்குச் சோறு போடுகிறது.

இத்தனை திறமையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏன் சேரவில்லை? எலாப்பைத் திட்டுவதில் இந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது.

நோக்கியாவின் மேம்பாட்டுப் பணிக்கு அலகு, மாடல். ஒவ்வொரு மாடலுக்கும் தனித் திட்டம், தனிக் குழு, தனிக் கெடு. வன்பொருளில் இந்த முறை பொன்னாய் விளைந்தது. பொதுவான உள்ளுறுப்புகளை வைத்துக்கொண்டு உறையையும் விசைகளையும் மாற்றி ஆண்டுக்குப் பல பத்து மாடல்களை இறக்கினார்கள். 2007-இல் உலகில் விற்ற கைபேசிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு அவர்களுடையவை. மென்பொருளுக்கோ இதே முறை நஞ்சு. மாடலுக்கென்று சிம்பியனில் ஒரு கிளையைப் பிரித்து, அதில் வெட்டி ஒட்டி, கெடுவுக்குள் அனுப்பிவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார்கள். திருத்தியது அந்த மாடலோடு நின்றுவிடும். 2009-இல் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத 57 சிம்பியன் வடிவங்கள் நோக்கியாவில் இருந்ததாக இன்சியாட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஈவ் டோஸ் எழுதியிருக்கிறார்.

2004 சீரமைப்பு இதை இன்னும் கெட்டியாக்கியது. கைபேசித் தொழில் மொபைல் போன்ஸ், மல்டிமீடியா, என்டர்பிரைஸ் எனப் பிரிந்தது. பொதுத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பிரிவு இருந்தாலும், லாபக் கணக்கு காட்டிய இந்த மூன்றின் சொல்தான் எடுபட்டது. ஒரே வீட்டில் மூன்று அடுப்பு. பண்டசாலைக்காரன் பேச்சை யார் கேட்பார்?

தொடுதிரையையே எடுத்துக்கொள்வோம். ஐபோனுக்கு இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்பே, 2004-இல், நோக்கியா 7710 என்ற தொடுதிரைக் கைபேசியை அறிவித்தது. அதன் மென்பொருள் சீரீஸ் 90. விற்பனை எடுபடவில்லை, அந்தக் கிளையைச் சிம்பியனின் இன்னொரு கிளையான எஸ்60-இல் கரைத்துவிட்டார்கள். கரைந்ததில் தொடுதிரையும் போயிற்று. எஸ்60-இல் அது மறுபடி தோன்றியது 2008-இல், 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் வந்தபோது. கையிலிருந்த முன்னிலை இப்படித்தான் கரைந்தது. இதில் எலாப்புக்கு என்ன வேலை?

லினக்ஸ் பக்கமும் இதே கதை. 2005-இல் 770, 2007-இல் என்800, என்810 என்று, மேமோ என்ற லினக்ஸ் மென்பொருளில் ஓடும் இணையப் பலகைகள் வந்தன. கைபேசியில் உலகத்தின் முதல்வன் செய்த இந்த மூன்றிலும் சிம் அட்டைக்கு இடமில்லை! அழைப்பு வசதியோடு என்900 வர 2009 ஆகிவிட்டது. ஆய்வு மையமும் தப்பவில்லை. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லா இணைப்புக்காக அங்கே 2001-இல் தொடங்கிய பணி வைப்ரீ என்ற பெயரில் வெளிவந்து, 2010-இல் புளூடூத் 4.0-க்குள் சேர்ந்தது. அதைத் திறன்பேசியில் முதலில் கொண்டுவந்தது 2011-இன் ஐபோன் 4எஸ்.

இனி முதல் சாட்சிக்கு வருவோம். என்9 மீகோ கைபேசி என்றே விற்கப்பட்டது. மீகோ என்பது 2010 பிப்ரவரியில் இன்டெலோடு சேர்ந்து அறிவித்த புதிய தளம். என்9-க்குள் ஓடியதோ பழைய மேமோவின் அடுத்த பதிப்பு. பெயர்ப்பலகை மட்டும் மீகோ. நிரல்களைக் கட்டும் முறைகூட இரண்டிலும் வேறு. அதாவது, எலாப் வந்திராவிட்டாலும் என்9-இன் வாரிசை வேறொரு அடித்தளத்தின்மேல் மறுபடி எழுப்பியிருக்க வேண்டும். வாதிகள் கூட்டிவந்த சாட்சியே பிறழ்சாட்சி ஆகிவிட்டது. பாராட்டு வாங்கிய அந்தக் கைபேசியும், முன்பு செய்ததைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கும் பழக்கத்தின் இன்னொரு தவணைதான்.

பணம் போதவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. 2010-இல் நோக்கியா குழுமம் ஆய்வுக்குச் செலவிட்டது 580 கோடி யூரோவுக்கு மேல். அதே நிதியாண்டில் ஆப்பிள் 180 கோடி டாலரைத் தொடவில்லை. வலையமைப்புக் கருவிப் பிரிவின் பங்கைக் கழித்தாலும் நோக்கியாவின் தொகையே பெரிது. ஆனாலும் வருமானத்தில் இத்தனை விழுக்காடு ஆய்வுக்குப் போகிறது, இத்தனை காப்புரிமை குவிந்திருக்கிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டறிக்கையில் மார்தட்டுவது நிற்கவில்லை, நாமும் கைதட்டுகிறோம். சென்ற ஆண்டு எழுதிய நிரலில் எவ்வளவு இந்த ஆண்டுக் கைபேசிக்குள் ஓடுகிறது? ஆய்வகத்தை மதிப்பிட இந்தக் கேள்வி ஒன்று போதும். நோக்கியா அதற்கு நேர்மையாகப் பதில் எழுதியிருந்தால், எலாப்பை வேலைக்கு எடுக்கும் தேவையே வந்திருக்காது.