வெற்றிவீரரும் வியாகுல அன்னையும்: யாழ்ப்பாணத் தீவகத்துக் கத்தோலிக்க மக்கள் கலைகள் பற்றி ஒரு நோக்கு

ஒரு சமயத்தை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை ஆராய்வோர் பெரும்பாலும் இருவகைச் சான்றுகளையே நாடுகின்றனர். குருமார் இயற்றிய ஞானோபதேச நூல்களும் திருச்சபை வரலாறுகளும் ஒருவகை. ஆட்சியாளர் விட்டுச்சென்ற கடிதங்களும் கட்டளைகளும் மற்றொருவகை. இவ்விருவகைச் சான்றுகளிலும் மக்களைப் பற்றிய செய்திகள் உள. மக்களின் குரல் அரிதாகவே உளது. அக்குரலைக் கேட்க வேண்டுமாயின் விடியவிடிய ஆடப்பெற்ற கூத்துக்கும், தவக்காலத்தில் இழுத்து ஓதப்பெற்ற பிரசங்கத்துக்கும், பெரிய வெள்ளியன்று பாடப்பெற்ற ஒப்பாரிக்கும் நாம் செவிகொடுத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் வரலாற்றுக்கு இக்கூற்றுச் சாலப் பொருந்தும்.

தீவகத்திலே ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை முதலிய ஊர்களில் கத்தோலிக்க வாழ்வு வேரூன்றியது. அவற்றுக்கு அயலிலுள்ள புங்குடுதீவில் சைவர்கள் பெரும்பான்மையினர். கத்தோலிக்கர் அவர்களுடன் ஒட்டி வாழ்ந்த சிறுபான்மையினர். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு ‘டெல்வ்ற்’ ஆயிற்று. புங்குடுதீவு ‘மிடில்பேர்க்’ ஆயிற்று. முன்னைய பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. பின்னையதனைப் புங்குடுதீவார் ஒருவரும் வழங்குவதில்லை. அந்நியர் கொணர்ந்தவற்றுள் எதனை ஏற்பது, எதனை விடுவது என்பதை ஈற்றில் மக்களே தீர்மானித்தனர் என்பதற்கு இஃதொரு சிறு சான்று. பெயருக்குப் பொருந்தும் இவ்வுண்மை சமயக் கதைகளுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

போர்த்துக்கேயர் கொணர்ந்த புனிதருள் முதன்மையானவர் யாகப்பர். ஐரோப்பிய மரபிலே அவர் வெண்குதிரை ஏறிப் போர்க்களத்தில் தோன்றி முஸ்லிம் படைகளை வீழ்த்தியவராகப் போற்றப்பட்டார். ஐபீரியப் படையினர் அவர் பெயரைக் கூவியே போருக்குச் சென்றனர். யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையிலுள்ள கிளாலியில் அவருக்கு ஓர் ஆலயம் எழுந்தது. 1647 ஆம் ஆண்டில் தெல்லிப்பழைப் பேதுருப்புலவர் அவர்மீது ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடினார். அம்மானை, மகளிர் விளையாட்டுப் பாடலாகத் தோன்றி நெடுங்கதை கூறும் எளிய செய்யுளாக வளர்ந்த வடிவம். ஐரோப்பியப் போர்வீரப் புனிதரைத் தமிழ்ப் புலவர் ஒருவர் அவ்வடிவத்துள் அமைத்தமை ஈழத்து இலக்கிய வரலாற்றிலே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

ஆயினும் இலக்கியச் சிறப்பைக் கூறுமளவில் திறனாய்வாளன் கடமை முடிந்துவிடுவதில்லை. அம்மானை பிறந்த காலத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். 1544 இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோரைச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அவர்களை ஈழத்துக் கத்தோலிக்கர் வேதசாட்சிகளாக நினைவுகூர்கின்றனர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அம்மானை பாடப்பெற்றது இதற்கு இருபத்தாறு ஆண்டுகளின் பின்னராகும். வெண்குதிரை வீரரின் புகழைக் கேட்டவர்கள், இடிந்த கோயிலின் அயலிலே வாழ்ந்தவர்கள். 1544 ஐ நினைக்கும் சமூகம் 1621 ஐ மறத்தல் நேர்மையாகாது. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். இதனைக் கத்தோலிக்கரே முதலிற் கூறுவது விசுவாசத்துக்கு இழுக்கன்று. அதுவே அதற்கு அழகு.

இனி, அவ்வெற்றிவீரருக்குப் பின்னாளில் நேர்ந்தது யாது என்பதை நோக்குவோம். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை ஆட்சியாளரின் சமயமாக இருந்தது ஒரே நாளில் ஒளித்து வாழ்வோரின் சமயமாயிற்று. அரச தயவுக்காக மட்டுமே மதம் மாறியிருந்தோர் அப்பொழுதே விலகியிருத்தல் கூடும். விலகாதோர் குருவின்றி, பலிப்பூசையின்றி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தனர். கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் இந்தியத் தலைநகரிலிருந்து, புறப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார் 1687 இல் பிச்சைக்காரரின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கி மறைவாகப் பணியாற்றினார். 1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வளைத்துப் பிடித்துச் சிறையிட்டனர். பீரங்கியின் துணையோடு வந்த சமயம் இப்பொழுது கந்தை உடுத்து வந்தது. அக்கோலத்தில் வந்த பின்னரே அது இம்மண்ணில் வேர்கொண்டது என்பது நம் கருத்து.

இச்சூழலில் எழுந்த இலக்கியமும் வேறு வகையினது. 1705 இல் இலங்கை வந்து 1742 இல் போலவத்தையில் மறைந்த சாங்கோபாங்க சுவாமிகள் எனும் யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் இயற்றினார். அவற்றுள் மக்கள் நெஞ்சில் நிலைத்தது ‘வியாகுலப் பிரசங்கம்’. கிறிஸ்துவின் பாடுகளையும் அன்னையின் துயரையும் கூறும் இந்நூல் தவக்காலத்தில் ஆலயங்களிலே இராகத்தோடு ஓதப்பட்டது. வாசிப்போனும் கேட்போரும் ஒருங்கே அழும் மரபு அதனால் வளர்ந்தது. பேசாலை போன்ற ஊர்களில் திருவுருவங்களை இயக்கிக் காட்டும் உடக்குப்பாஸும் அதே துயரைக் கண்ணுக்குக் காட்டியது. மகனை இழந்த தாய் அழும் அழுகையை இந்நாட்டுப் பெண்கள் அறிவர். ஒப்பாரி அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டிய கலையன்று. எனவே வியாகுல அன்னை அவர்களிடையே அந்நியளாக இருக்கவில்லை. 1806 இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது வெளிப்பட்டுத் தோன்றிய சமூகம் இவ்வழுகையிலே பயின்ற சமூகம்.

கூத்துகளிலும் இப்பண்பைக் காணலாம். அரசரும் எம்பரதோரும் கொலுவீற்றிருக்கும் கூத்துகள் பல ஆடப்பட்டன என்பது உண்மையே. எனினும் பேர்பெற்றவற்றுள் இரண்டு இங்கு விதந்து கூறத்தக்கன. ஒன்று தேவசகாயம்பிள்ளை நாடகம். திருவிதாங்கூர் அரசவையிற் பணியாற்றி, கிறிஸ்தவராகிச் சித்திரவதையுற்று, 1752 இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்ட அவரை உரோமாபுரி புனிதராக அறிவித்தது 2022 ஆம் ஆண்டிலேதான். யாழ்ப்பாணத்து அண்ணாவிமாரோ அதற்கு நெடுங்காலம் முன்னரே அவருக்கு மத்தளம் கொட்டிவிட்டனர். மற்றொன்று ஞானசௌந்தரி. சிற்றன்னையின் சதியாற் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசகுமாரி, மற்றோர் அரசனுக்கு மனைவியாகி, பொய்க்கடிதம் ஒன்றினாற் குழந்தைகளுடன் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்பட்டு, தேவமாதாவின் அருளாற் கைகளைத் திரும்பப் பெறும் கதை அது. மன்னாரில் வழங்கிய அதன் ஏட்டைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1967 இல் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தார்.

ஞானசௌந்தரி கதை வேதாகமத்தில் இல்லை. ஐரோப்பாவெங்கும் வழங்கிய ‘கையற்ற பெண்’ கதையின் உறவு அது. கிரிம் சகோதரர் 1812 இல் வெளியிட்ட தொகுதியிலும் அக்கதையின் ஒரு வடிவம் உண்டு. தமிழ்நாட்டிலே சைவராகிய சங்கரதாஸ் சுவாமிகள் அதனை இசைநாடகமாக்கினார். 1948 இல் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் அதனைத் திரைப்படமாக்கிப் போட்டியிட்டன. கத்தோலிக்கக் கதையொன்றைக் கத்தோலிக்கரல்லாதார் இவ்வாறு தம்முடையதாக்கிக் கொண்டமைக்குக் காரணம் யாது? சந்திரமதிக்கும் நல்லதங்காளுக்கும் அழுது பழகிய மக்களுக்குக் கையற்ற அரசகுமாரி புதியவள் அல்லள். சந்தியோகுமையோரின் வெண்குதிரை இவ்வாறு சமய எல்லையைக் கடக்கவில்லை. ஞானசௌந்தரியின் கண்ணீர் கடந்தது. வெற்றிக்கதை வென்ற கூட்டத்தாருக்கே உரியது. துயரக்கதைக்கு அவ்வெல்லை இல்லை.

இங்கு இரு மறுப்புகள் எழல் கூடும். திருச்சபைக்குள்ளிருந்து எழுவது ஒன்று: இவை வேதத்தில் இல்லாத கட்டுக்கதைகள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–65) பின்னர் மறைநூல் அறிவு பெருகியுள்ள காலத்தில் இவற்றுக்கு இடம் எது என்பது. 1965 இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளைப் பெருமேடையில் நிகழ்த்தி இக்குறையை ஒருவாறு நிரப்பியது. எனினும் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் 1975 ஆம் ஆண்டு அப்போஸ்தலிக்க ஊக்கவுரை மடலும், பாப்பரசர் பிரான்சிஸின் 2013 ஆம் ஆண்டு மடலும் மக்கள் பக்தியை இகழாது ஆராயுமாறு பணிக்கின்றன. மக்கள் எதனை நம்பினர் என்பதைக் கதையின் மூலத்தைக்கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மற்றைய மறுப்பு இதனினும் வலிமை வாய்ந்தது. இத்தகைய கதைகள் பொறுமையையே போதிக்கின்றன. வெட்டுண்ட பெண்ணை அழவைத்து வானத்தை நோக்கச் செய்கின்றன. நீதி கேட்கச் செய்வதில்லை என்பர் முற்போக்குத் திறனாய்வாளர். இதிற் பெரும்பகுதி உண்மை. புங்குடுதீவிலே கண்ணகை அம்மன் வழிபாடு உண்டு. அநீதியான தீர்ப்பை எதிர்த்து அரசவையில் நின்று வழக்குரைத்தவள் கண்ணகி. அவளோடு ஒப்பிடுகையில் ஞானசௌந்தரி வாய்மூடி நிற்கின்றாள். இது கதையின் குறையே. பக்தியின் பெயரால் அதனை மறைத்தல் தகாது.

ஆயினும் கதையை ஊன்றி நோக்குவோர்க்கு வேறொன்று புலனாகும். சிற்றன்னை கொடியவள்தான், ஆனால் ஞானசௌந்தரியை இரண்டாம் முறை காட்டுக்குத் துரத்துவது ஒரு கடிதம். அரச முத்திரை பெற்று வந்த கட்டளை என்பதனால் அதனை ஒருவரும் ஆராயவில்லை. நிறைவேற்றியோர் கொடியவரல்லர், கீழ்ப்படிந்தவர்கள். கூத்து இதனை வாய்திறந்து கண்டிப்பதில்லை. எனினும் நிகழ்ந்ததைப் பார்வையாளர் கண்முன் நிறுத்திவிடுகிறது. ஆய்வின்றிக் கீழ்ப்படிதல் என்ன செய்யும் என்பதைத் தீவக மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 களின் தொடக்கத்தில் போரினால் இத்தீவுகளின் மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். 2006 ஓகஸ்ற் மாதத்தில் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர் எறிகணைக்குப் பலியாயினர். அடுத்த வாரம் அப்பங்கின் குருவானவரும் உடன்சென்ற ஒருவரும் காணாமற்போயினர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலே தாய்மார் தெருவோரம் அமர்ந்து காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு அழத் தொடங்கியபோது, ஒப்பாரியே வழக்குரையாக மாறியதை நாடு கண்டது. அங்கு வியாகுல அன்னையும் கண்ணகியும் வேறுவேறாக நிற்கவில்லை. அழுகை பணிவின் அடையாளமாகவே இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவற்றிலிருந்து நம் காலத்துக் கலைஞருக்கும் மாணவருக்கும் உரிய கடமை ஒன்று பெறப்படுகிறது. 1960 களில் பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் விடியவிடிய ஆடும் கூத்துகளைச் சுருக்கி மேடைக்கேற்பச் செப்பனிட்டார். அம்முயற்சியின்றேல் பல்கலைக்கழகங்களிற் கூத்து இன்றும் தீண்டப்படாத பொருளாகவே இருந்திருக்கும். இன்று பாடசாலைப் போட்டிகளுக்காகவும், புலம்பெயர்ந்தோர் ஒன்றுகூடல்களுக்காகவும் கூத்துகள் மேலும் சுருங்குகின்றன. சுருக்குதல் தவறன்று. எதனை நீக்குகின்றோம் என்பதே வினா. கொலு வரவும் வாட்போரும் கண்ணைக் கவர்வன; புலம்பற் தருக்கள் நீண்டன, மெதுவாகச் செல்வன. ஆகவே கத்தரிக்கோல் முதலில் நாடுவது புலம்பலையே. அவ்வாறு நீக்கின், மீதியாய் நிற்பது மினுக்கு உடையும் மரவாளும் தாங்கிய எம்பரதோர் மட்டுமே; மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் மெல்ல மெல்ல இறக்கி வைத்த வெற்றிவீரரை நாமே மறுபடியும் குதிரையில் ஏற்றியவர்களாவோம்.

எனவே கூத்தொன்றைப் பதிப்பிப்போரும் மேடையேற்றுவோரும் அண்ணாவிமாரின் கொப்பிகளிலுள்ள புலம்பற் பகுதிகளை முதற்கண் காத்தல் வேண்டும்; அவற்றின் இராகங்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். கத்தோலிக்க மாணவர் 1544 ஐக் கற்கும் அதே வகுப்பில் 1621 ஐயும் கற்றல் வேண்டும். சைவ மாணவர் கண்ணகி வழிபாட்டை ஆராயுங்கால் அயல்வீட்டு வியாகுலப் பிரசங்கத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். தீவகத்தின் பண்பாட்டு வரலாறு இவ்விரு அழுகைகளையும் ஒருங்கே கேட்பவராலேயே எழுதப்படல் கூடும்.