வெறியாட்டும் புதிய அரங்கும்

தலைவியின் மெலிவிற்கு முருகன் அணங்கியதே காரணம் எனக் கருதி, வேலன் தெய்வமேறி ஆடுவதைச் சங்கச் சான்றோர் வெறியாட்டு என்றனர். உண்மைக் காரணம் காதல் என்பதைத் தோழி அறிவாள். சடங்கின் புறத்தே நின்று இவ்வாறு நோக்கியமையாலன்றோ அஃது அகப்பாட்டிற்குரிய கலைப்பொருளாயிற்று!

திமிரி உள்ளிட்ட பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் திரௌபதியம்மன் விழாக்களில் தெருக்கூத்து நிகழும். துகிலுரிதல் போன்ற கட்டங்களில் வேடம் புனைந்தார்க்கு ஆவேசம் வருதல் உண்டு. உடன் நிற்போர் அவரைத் தாங்கிக் கற்பூரம் காட்டித் தெளிவிப்பர், கூத்துத் தொடரும். ஆவேசத்திற்கு இடந்தரும் இக்கலை, மீளும் வழியையும் தன்னுள்ளேயே வகுத்துள்ளது.

1977இல் ந. முத்துசாமி முதலியோர் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் துணைகொண்டு கூத்தின் அடவுகளை நடிகர்க்குப் பயிற்றியது. இதுகொண்டு, புதிய அரங்கு ஆவேசத்தையே கடன்கொண்டது என்பாருளர். அஃது ஏற்புடைத்தன்று. தெய்வத்தை நம்பிச் சூழ்ந்து நிற்கும் ஊர் இல்லாவிடத்து ஆவேசம் வெறும் பாவனையே. அரங்கு கொள்ளத்தக்கது, ஆவேசத்தைத் தாங்கவும் தணிக்கவும் வல்ல உடற்பயிற்சியும் தாள ஒழுங்குமே. வேலனைப் புறநின்று நோக்கிய புலவர் நெறியும் இதனோடு ஒத்ததே என்பது எம் துணிபு.