நீரின் அழகும் நீரின் உரிமையும்

ஆற்று நீச்சலைக் காட்டும் குறும்படங்களுக்கு இன்று ஓர் இலக்கணமே ஏற்பட்டுவிட்டது. விடியற்பொழுது, பனி படர்ந்த ஆறு, தனியே நீரில் இறங்கும் ஒருவர், குளிர்நீர் தம் மனப்புண்ணை ஆற்றியதாகக் கூறும் மெல்லிய குரல், அவ்வளவே. பிரித்தானியாவில் இம்மரபு வலுப்பெறத் துணைநின்றது ரோஜர் டீக்கின் 1999இல் வெளியிட்ட ‘வாட்டர்லாக்’ என்னும் நூல். ஆனால் டீக்கின் நீந்தியதோடு நின்றவரல்லர். ஆற்றைத் தமதென்று காவல் காத்தோரிடம், நீரில் இறங்கும் பொதுமக்களின் உரிமைக்காக வாதிட்டவர். பின்வந்த படங்கள் பலவும் அவருடைய நீச்சலை எடுத்துக்கொண்டன. வாதத்தைக் கரையிலேயே விட்டுவிட்டன.

இக்குறையின் ஆழத்தை மன்னாரில் நின்று நோக்கினால் நன்குணரலாம். மன்னார்த் தீவில் ஆறில்லை. எதிரே பெருநிலத்தில் பாயும் அருவியாறு, தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி நெல்வயலுக்குச் செல்கிறது. அங்கே நீரென்பது முதலில் உழைப்பு, பின்னரே உல்லாசம்.

கடலின் கதையும் அதுவே. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. காலில் கல்லைக் கட்டி, கயிற்றைப் பற்றி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கி அடியில் துழாவியவர்கள் தமிழகக் கரையினரும் அரபு நாட்டினரும் ஆவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு காலனி அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்தவருக்கு எஞ்சிய ஒரு பங்கு. இதே கடலைக் களமாக்கி 1863இல் பாரிசில் அரங்கேறிய பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ இசைநாடகமோ, காதலையும் நட்பையும் பாடியது. பங்குக் கணக்கைப் பாடவில்லை.

பிறகு, இவ்வுழைப்பைத் திரையில் எவ்வாறு காட்டுவது? வழி நம் நாட்டிலேயே காட்டப்பட்டுள்ளது. 1934இல் பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ தேயிலை விளம்பர வாரியத்தின் பொருளுதவியால் எழுந்த படம். ஆயினும் அதன் மூன்றாம் பகுதியில், உழைப்பாளர் வேலை செய்யும் காட்சிகளின்மேல் சந்தை விலையும் வணிகக் கட்டளையும் குரல்களாக ஒலிக்கின்றன. கண் உழைப்பைக் காண்கிறது; காது அதன் பயனைக் கொள்வோரைக் கேட்கிறது. பொருளுதவி செய்தோரின் நோக்கத்தையும் கலை மீறிச் செல்லக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்திக் கடந்தார். அத்துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்நீரிணையிலே மீன்பிடித்து வாழும் மக்களுக்கு, 2009இல் முடிந்த போரின் ஆண்டுகளில் தடைகளும் அனுமதிச் சீட்டுகளும் கடலை அடைத்தன. ஒருவர் கடந்த நீரில் மற்றொருவர் இறங்கவும் இயலாமற் போனது ஏன் என்று கேட்கும் படமே முழுமையான நீச்சற் படமாகும்.

நீச்சலின் மகிழ்ச்சியை நாம் மறுக்கவில்லை. உழைப்பவன் மாலையில் நீரில் விளையாடும் உரிமையும் உரிமையே. அவ்வுரிமையை எல்லோர்க்கும் கேட்கும் கலையே அழகையும் உண்மையையும் ஒருங்கே அடைகிறது. மன்னாரின் இளைஞர் கையிற் கருவி ஏந்தும்போது, அலையை மட்டுமன்றி, கயிற்றின் மறுமுனையைப் பற்றி நிற்கும் கரத்தையும் படமெடுப்பாராக.