தனேகஷிமாவின் குரல்

தன்னாமுனை வாவிக்கரையில் அமர்ந்து, கைபேசியில் ஜப்பானிய ராக்கெட் ஏவுதலைப் பார்க்கும்போது, தீப்பிழம்பைக் காட்டிலும் அதற்கு முன் ஒலிக்கும் எண்ணிக்கைக் குரலே எனக்குப் பேரானந்தம் தருவது. தனேகஷிமாத் தீவிலிருந்து, பதற்றமோ பெருமிதமோ கலவாமல், ஒரே சுருதியில் விநாடிகளை எண்ணி வரும் அக்குரலை ரசிக்கப் பாஷை தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலங்கை நேரப்படி 2025 ஜூன் 28 இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின், காவி நிற உடலும் வெண்ணிறத் துணைக்குழாய்களுமாக எச்-2ஏ ராக்கெட் தனது 50ஆவதும் இறுதியுமான பயணத்துக்கு எழுந்தபோது, மழைக்கால இடிபோல் உருண்டு வந்த ஓசையைச் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி பாதியாக்கிவிட்டதே என்பதுதான் வருத்தம்.

ஆயினும் மனத்துக்கு அணுக்கமானது ஆரவாரமே இல்லாத வேறொரு காரியம். இலங்கைப் பொறியியலாளர் இருவர் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் சிரத்தையுடன் உருவாக்கிய, அரைச் சாண் உயரமே உள்ள ராவணா-1 செயற்கைக்கோள், 2019 ஜூன் 17 அன்று, விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடமான கிபோவிலிருந்து, நேபாளத்தினதும் ஜப்பானினதும் சிறு செயற்கைக்கோள்களோடு, வெறும் சுருள்வில்லின் உந்தலால், புகையோ வெடியோ இன்றி வெளியே விடப்பட்டது. ரியூகு என்ற சிறுகோளின் 5.4 கிராம் மண்ணுக்காக ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்த தேசத்தாரின் கைப்பக்குவம் அந்த மெல்லிய உந்தலிலும் தெரிகிறது.