மூங்கிலில் விளைந்த தேறலும் பார்லி வைனும்

திருவண்ணாமலைக்கு மேற்கே, பெங்களூரு சாலையில் இருக்கிறது செங்கம். சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா. பல்குன்றக் கோட்டத்துத் தலைவன் நன்னனின் ஊர். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் பாட்டுதான் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளில் சாப்பாட்டுக்கும் குடிக்கும் தாராளமாகவே இடம் உண்டு. மலைவாழ் மக்கள் கூத்தர்களுக்கு மூங்கில் குழாயில் விளையவிட்ட தேன் தேறலைத் தருகிறார்கள், நறவும் தருகிறார்கள். விடியலில் பழைய மயக்கம் தெளிய கடமான் இறைச்சி, முள்ளம்பன்றிக் கறி, புளியும் மோரும் கலந்து ஆக்கிய மூங்கிலரிசிச் சோறு என்று விருந்து தொடர்கிறது.

முற்றவிட்டுக் குடிப்பதன் ருசி தெரிந்தவர்கள் அவர்கள். பார்லி வைன் என்ற பீரைச் சுவைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூங்கில் குழாய்தான்.

பெயரில் வைன் இருந்தாலும் இதில் திராட்சை கிடையாது. முளைகட்டிய பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் இவ்வளவுதான். முளைத் தானியத்தால் நொதிக்க வைப்பது நமக்கும் புதிதல்ல. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையே இருக்கிறது: அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளை இடித்த மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, அரித்து எடுக்கிறார்கள். அது உடனே குடித்துத் தீர்க்கும் சரக்கு. பார்லி வைனின் இயல்பே வேறு.

தேங்காயில் முதல் பாலை மட்டும் எடுப்பது போல, ஊறிய முளைத் தானியத்திலிருந்து முதலில் வடியும் கெட்டிச் சாற்றை மட்டும் எடுத்து இதைச் செய்வது பழைய ஆங்கில வழக்கம். மறுபடி நீர் விட்டு வடிப்பது லேசான பீருக்குப் போகும். முதல் சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் நிறம் சிவந்து பாகுத்தன்மை ஏறும். அத்தனை சர்க்கரையை நொதிக்க வைப்பதற்குள் ஈஸ்ட் திணறிவிடும். நொதித்து முடிந்தபின் மாதக்கணக்கில் ஓய்வு. மதுச்சத்து பொதுவாக 8 முதல் 12 விழுக்காடு.

நம் ஊரில் 'ஸ்ட்ராங்' என்றால் போதை சீக்கிரம் ஏறும் என்று பொருள். 650 மில்லி புட்டியை ஐஸ் குளிரில் மடமடவென்று இறக்குவார்கள். பார்லி வைனை அப்படிக் குடித்தால் காசும் வீண், ருசியும் வீண். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி வெளியே வையுங்கள். 12, 13 டிகிரிக்கு வந்ததும் வாய் குறுகிய சின்னக் கிளாஸில் பாதி ஊற்றுங்கள்.

முதலில் மூக்கு. பேரீச்சை, உலர் அத்தி, கருகுவதற்குச் சற்றுமுன் இறக்கிய சர்க்கரைப் பாகு. வாயில் வைத்தால் கனமான இனிப்பு, அதைத் தொடர்ந்து ஹாப்ஸ் கசப்பு, விழுங்கியபின் நெஞ்சில் இதமான சூடு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் நல்ல சரக்கு. இனிப்பு நாக்கில் பிசுபிசுத்தாலோ, மதுச்சத்து தொண்டையை எரித்தாலோ, அவசரப்பட்டு விற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் பாணியில் தானியம் முன்னிற்கும். அமெரிக்கர் பாணியில் கசப்புக்கு முதலிடம். 1983இல் தொடங்கிய சியரா நெவாடா மதுவடிப்பகத்தின் பிக்ஃபுட் அதற்கு நல்ல சாட்சி.

வயது ஏற ஏறக் கசப்பு தணியும்; ஷெர்ரி வாசமும் வாதுமை வாசமும் எட்டிப் பார்க்கும். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இறந்து 40 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, இங்கிலாந்தின் டார்செஸ்டரில் எல்ட்ரிட்ஜ் போப் மதுவடிப்பகம் 1968இல் அவர் பெயரிலேயே ஒரு பீரை வடித்தது. 25 ஆண்டு வைத்திருக்கலாம் என்று சொல்லியே அதை விற்றார்கள்.

இங்கே பார்லி வைன் கிடைப்பது அரிது. அதன் உறவை அறிய விரும்புபவர்களுக்கு, நுவரெலியாவில் பிறந்து இன்று பியகமவில் தயாராகும் இலங்கையின் லயன் ஸ்டவுட் நல்ல வாசல். வறுத்த தானியத்தின் கருமையும் காப்பி வாசமும் கொண்ட வேறு வகைதான் என்றாலும், வலுவான பீரை நிதானமாகச் சுவைக்க அது பழக்கிவிடும். கூடவே மிளகு தூக்கலான ஆட்டுக்கறிச் சுக்கா இருக்கட்டும். பார்லி வைனுக்கு அதிரசம் பொருந்தும்.

அசல் பார்லி வைன் கிடைத்தால் இரண்டு புட்டியாக வாங்குங்கள். ஒன்றை நான்கு பேர் பகிர்ந்து குடியுங்கள். மற்றொன்றின் மேல் ஆண்டை எழுதி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். திருவண்ணாமலை வெயிலில் சமையலறை அலமாரி அதற்கு ஆகாது.