தலைமுறையா, வர்க்கமா?

ஜே. பி. பிறீஸ்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தைத் தலைமுறை முரண்பாட்டின் சித்திரமாகக் கொள்வோர் பலர். முதியோர் நெஞ்சிறுகியவர், இளையோர் மனந்திருந்துபவர் என்பது அவர்தம் விளக்கம். இது பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று.

1945இல் சோவியத் ஒன்றியத்தில் முதன்முதல் அரங்கேறி, 1946இல் இலண்டன் மேடைக்கு வந்த இந்நாடகத்தின் கதை 1912இல் நிகழ்வது. ஆலை முதலாளி பேர்லிங்கின் இல்லத்தில் மகள் ஷீலாவின் திருமண நிச்சயத்தையொட்டி விருந்து நடக்கின்றது. அங்கு வரும் இன்ஸ்பெக்டர் ஒருவர், ஈவா ஸ்மித் என்னும் ஏழைப் பெண் கிருமிநாசினி அருந்தி மாண்டதாகக் கூறுகின்றார்.

அவள் செய்த முதற் ‘குற்றம்’ யாது? 22 சிலிங் 6 பென்ஸ் வாரக் கூலியை 25 சிலிங் ஆக்குமாறு சக தொழிலாளருடன் சேர்ந்து கேட்டாள். வேலைநிறுத்தம் தோற்றது; முன்னின்ற அவளைப் பேர்லிங் வெளியேற்றினார். பின்னர் ஷீலாவின் முறைப்பாடு அவளது கடை வேலையைப் பறித்தது. ஷீலாவை மணக்கவிருந்த ஜெறால்ட் அவளைச் சிலகாலம் ஆசைநாயகியாக வைத்துக் கைவிட்டான். மகன் எறிக் அவளைக் கருவுறச் செய்தான். திருமதி பேர்லிங் தலைமை வகித்த தருமச் சங்கமோ உதவி மறுத்தது.

உண்மை வெளிப்பட்டபின் யார் எங்கு நிற்கின்றனர்? ஷீலாவும் எறிக்கும் தம் பங்கை ஏற்று வெட்குகின்றனர். பெற்றோர் குடும்பப் பெயர் கெடுமே என்றே அஞ்சுகின்றனர். ஜெறால்டும் இளையவனே; ஏறத்தாழ முப்பது வயதினன்; அவள் மறைவு கேட்டுக் கலங்கியவனுங்கூட. எனினும், வந்தவர் மெய்யான பொலிஸ் அதிகாரி அல்லர் என அறிந்ததும் பேர்லிங்கின் பக்கமே சேர்கின்றான். அவன் போட்டிக் கம்பனியொன்றின் வாரிசு. இத்திருமணத்தால் இரு கம்பனிகளும் இணைந்து செலவைக் குறைத்து விலையைக் கூட்டலாம் என்பது பேர்லிங்கின் நம்பிக்கை. நிர்வாகம் இன்னும் கைக்கு வராத பிள்ளைகளிடம் மனச்சாட்சி பேசுகின்றது. அதிகாரத்தின் வாயிலில் நிற்பவனிடம் அது விரைவில் ஓய்ந்துவிடுகின்றது. இளமை மனச்சாட்சிக்குக் கதவு திறக்கலாம். சொத்து அக்கதவை மீண்டும் சாத்திவிடுகின்றது.

நாடகத்தின் எல்லையையும் நாம் மறைத்தல் ஆகாது. ஈவா மேடைக்கு வருவதேயில்லை. பணிப்பெண் எட்னா ஏவல் முடித்து ஒதுங்குகின்றாள். உழைக்கும் வர்க்கத்தின் துயரைப் பிறரே பேசுகின்றனர். கூடுதற் கூலி கேட்டதில் தவறென்ன என்று எறிக் தந்தையிடம் வினவுவது உண்மையே. ஆனால் இறுதிவரை ஆலையில் ஒரு பென்ஸ்கூட உயரவில்லை. வருந்தும் பிள்ளைகளின் கண்ணீர் மெய்யானது. அது தொழிலாளியின் கூலியாகிவிடாது.

ஆதலின், இந்நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், எந்தத் தலைமுறை நல்லது என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. அந்த இரண்டரைச் சிலிங்கை யார், எப்போது கொடுப்பர் என்றும் மாணவரிடம் கேட்டல் வேண்டும்.