சுழல்மையம் எங்கே குடியிருக்க வேண்டும்?

எஸ்விஜியில் வரைந்த ஒரு பாத்திரத்தின் கையைச் சுழற்றச் சொன்னால், அது தோளை விட்டுக் கிளம்பித் திரையின் இடது மேல்மூலையைச் சுற்றி வலம் வருகிறது. வெக்டர் அனிமேஷனில் கைவைத்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். காரணமும் தெரிந்ததுதான். எச்டிஎம்எல் உறுப்புகளுக்குச் சுழற்சியின் மையம் இயல்பாகவே நடுப்புள்ளி. எஸ்விஜிக்குள் இருக்கும் உறுப்புகளுக்கு அது ஆயங்களின் ஆதிப்புள்ளி. கையைத் தோளுக்குத் திருப்பிக் கொண்டுவர ஐந்தாறு வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பலிக்கின்றன. பலிப்பதாலேயே அவற்றை ஒப்பிட்டுத் தரம்பிரிக்கும் வேலை நடக்காமல் கிடக்கிறது.

இன்று பலிக்கிறதா என்பது மிகத் தாழ்ந்த அளவுகோல். தோள்மூட்டு எங்கே இருக்கிறது என்பது படத்தைப் பற்றிய அறிவு. கை எத்தனை பாகை, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பது அசைவைப் பற்றிய அறிவு. இரண்டையும் குழப்பாமல் காக்கிறதா, நாளை ஓவியர் கையை நீட்டியோ தடித்தோ மாற்றி வரைந்தால் முந்தைய அறிவு பொய்க்காமல் நிற்கிறதா, மூட்டுக்குள் மூட்டு வந்தாலும் தாங்குகிறதா என்ற கேள்விகளால்தான் ஒரு முறையை எடைபோட வேண்டும்.

இந்தப் பிரிவினை பழைய கலைஞர்களுக்குக் கேட்காமலே கிடைத்திருந்தது. 1926இல் வெளிவந்த இளவரசர் அக்மதின் சாகசங்கள் படத்துக்காக லோட்டே ரைனிகர் கருப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத்தகட்டிலும் உறுப்புகளை வெட்டிக் கம்பியால் மூட்டினார். துளை விழுந்த இடமே மூட்டு. உருவம் முடியும்போதே மூட்டும் முடிந்துவிடும். ஏர்பிஎன்பி 2017இல் வெளியிட்ட அனிமேஷன் நூலகத்துக்கு லாட்டி என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான். அந்தப் பெயருக்கு அது ஓரளவு தகுதியும் பெற்றிருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலிருந்து வந்த ஆங்கர் பாயின்ட்டை ஒவ்வொரு லேயரிலும் இடத்தோடும் கோணத்தோடும் கலக்காமல் தனியாக எழுதி வைக்கிறது. ஃபிளாஷில் இரண்டு புள்ளிகள் இருந்தன: சிம்பலின் பதிவுப்புள்ளி ஒன்று, உருமாற்றப்புள்ளி இன்னொன்று. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் முதலாவதற்குக் கட்டுப்பட்டது, டைம்லைன் இரண்டாவதற்கு. பலரைத் தடுமாற வைத்த ஏற்பாடுதான். ஆனாலும் மூட்டு என்ற ஒன்றுக்குக் கோப்பில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2001இல் தரநிலையாக வந்த எஸ்விஜியில் அந்த இடமே இல்லை. அங்கே எந்த வடிவத்துக்கும் சொந்தமாக ஒரு மூட்டு கிடையாது.

எஸ்விஜி கொடுத்தது ரொட்டேட் என்ற கட்டளையும் அதற்கு மூன்று எண்களும்: கோணம், மையத்தின் இரண்டு ஆயத்தொலைவுகள். மையத்தை ஆதிக்கு நகர்த்து, சுழற்று, பழைய இடத்துக்குத் திருப்பு என்ற மூன்று படிகளின் சுருக்கம் இது. இதன் சிறப்பு ஒளிவுமறைவின்மை. எந்த பிரவுசரிலும் ஒரே பொருள், எந்தப் பெட்டியையும் நம்பியிராத துல்லியம். எஸ்விஜிக்குள்ளேயே அசைவை எழுதும் ஸ்மில் மொழி வழியாக அசைப்பவர்களும் இதே மூன்று எண்களைத்தான் எழுதுகிறார்கள். குரோம் 2015இல் ஸ்மிலைக் கைவிடப்போவதாக அறிவித்து மறு ஆண்டே அந்த முடிவை நிறுத்தி வைத்ததால் அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. குறை என்னவென்றால், மூட்டின் இடம் கோணத்தோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு கீஃப்ரேமிலும் மறுபடி எழுதப்படுகிறது. படத்தைப் பற்றிய அறிவு அசைவின் வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஓவியர் தோளை 6 அலகு கீழே இறக்கினால் அத்தனை கீஃப்ரேம்களும் ஒரே நேரத்தில் தவறாகும்.

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று இதன் பக்கத்திலேயே இருக்கிறது. சில கருவிகள் இந்த மூன்று எண்களைக் கரைத்து ஒற்றை அணியாக எழுதிவிடும். தொடக்க நிலையும் முடிவு நிலையும் அணிகளாகிவிட்டால் பிரவுசர் நகர்வைத் தனியாகவும் கோணத்தைத் தனியாகவும் பிரித்து இரண்டையும் சீராக முன்னேற்றும். மூட்டு (100, 0) என்ற புள்ளியில் இருக்கிறது, கை 90 பாகை திரும்ப வேண்டும் என்று கொள்வோம். தொடக்கத்தில் மூட்டு சரியான இடத்தில் இருக்கும், முடிவிலும் இருக்கும். 45 பாகையை எட்டும்போது அது (120.7, 20.7) என்ற இடத்துக்குப் போயிருக்கும், ஏறத்தாழ 29 அலகு விலகல். இரண்டு முனைகளையும் மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

அடுத்தது இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை: சிஎஸ்எஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ் பண்பை ஃபில்-பாக்ஸ் என்று வைத்து, மையத்தை விழுக்காட்டில் சொல்வது. 2017, 2018 ஆண்டுகளில் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, குரோம் மூன்றும் இதை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு ஒரே விழுக்காடு வேறுவேறு பிரவுசரில் வேறுவேறு இடத்தைக் குறித்த குழப்பத்தை இது தீர்த்தது என்பது உண்மையான சாதனை. எழுதுவதும் எளிது: நடுவில் சுழல 50 விழுக்காடு, அடியில் சுழல 100. படத்தை எங்கே நகர்த்தினாலும் மையம் கூடவே வரும். வட்டம், செவ்வகம், இரட்டைப்படைப் பற்கள் கொண்ட பல்சக்கரம் போன்றவற்றுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் இந்த முறை வடிவத்தைப் பார்ப்பதில்லை; வடிவத்தைச் சுற்றியுள்ள எல்லைச் செவ்வகத்தைத்தான் பார்க்கிறது. பக்கம் 120 அலகு உள்ள சமபக்க முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வகத்தின் நடு அடிப்பக்கத்திலிருந்து 52 அலகு உயரத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் நடுக்கோட்டுமையமோ 34.6 அலகில். 50 விழுக்காட்டில் சுழற்றினால் முக்கோணம் தள்ளாடும். சுற்றுவட்ட ஆரம் 100 உள்ள ஐந்துமுனை நட்சத்திரத்தில் விலகல் 9.5 அலகு. தள்ளாட்டம் இருக்கிறது என்று உணர முடியும், எங்கே என்று சொல்ல முடியாத அளவு. அதுதான் இன்னும் மோசம். இணையப் பக்கம் ஏறும்வரை சுழலும் கால்வட்ட வில் பல தளங்களில் தன் வட்டத்தைச் சுற்றாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான். கடிகார முள்ளிலும் இதைப் பார்க்கலாம். மையத்துக்கு மேலே 100 அலகு, பின்னால் வால் 20 அலகு என்றால் சுழல்மையம் மேலிருந்து 83.33 விழுக்காட்டில் விழும். அழகுக்காக வாலை 30 அலகாக நீட்டினால் சரியான எண் 76.92. முள் அச்சை விட்டு அசையவே இல்லை, எண் மட்டும் பொய்யாகிவிட்டது.

இவையெல்லாம் கணக்கிட்டுத் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதது மூட்டுக்குள் மூட்டு. 24 அலகு அகலம், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் 80 அலகு இடைவெளியில், முனைகள் உருண்டை என்று ஒரு கையை வரையுங்கள். தொங்கும் நிலையில் குரூப்பின் எல்லைச் செவ்வகம் 24க்கு 184. தோள் அதில் 50 விழுக்காடு, 6.5 விழுக்காடு என்ற இடத்தில் இருக்கிறது. இப்போது முழங்கையை 90 பாகை மடக்கினால் செவ்வகம் 104க்கு 104 ஆகிவிடும். அதே விழுக்காடுகள் இப்போது தோளிலிருந்து பக்கவாட்டில் 40 அலகு தள்ளிய ஒரு வெற்றிடத்தைக் குறிக்கின்றன. தோளின் கோணம் சுழியாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. தோளும் முழங்கையும் சேர்ந்து அசையத் தொடங்கிய கணத்தில் கை உடலை விட்டு வழுக்கும். குழந்தை உறுப்பின் அசைவு தாய் உறுப்பின் மூட்டை நகர்த்துகிறது என்பது ஒரு முறையின் சிறு குறை அல்ல, அடித்தளப் பிழை. உறுப்புள்ள பாத்திரங்களுக்கு ஃபில்-பாக்ஸ் தகுதியற்றது.

ஸ்கிரிப்டில் அளப்பவர்கள் கெட்பிபாக்ஸை அழைத்து அதே செவ்வகத்தைப் பெறுகிறார்கள். ஒருமுறை அளந்து எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மேற்சொன்ன வழுக்கலிலிருந்து தப்புகிறார்கள், அவ்வளவே. ஜிஎஸ்ஏபி என்ற அனிமேஷன் நூலகம் இதில் ஒரு படி மேலே. எஸ்விஜிஆரிஜின் என்று முழுப்படத்தின் ஆயங்களிலேயே மையத்தைச் சொல்ல இடம் தருகிறது; பாதியில் மையத்தை மாற்றினால் உருவம் துள்ளாதபடி ஈடுசெய்யவும் தெரியும். பொறியியலாக மெச்சத்தக்கது. ஆயினும் மூட்டின் இடம் ஸ்கிரிப்டில், மூட்டு படக்கோப்பில் என்று இரண்டும் வேறுவேறு கைகளில் இருக்கின்றன. ஒன்று மாறியதை மற்றொன்று அறியாது.

மூட்டு எங்கே என்றே தெரியாதபோது என்ன செய்வது? பிறர் வரைந்த படத்தின் இரண்டு நிலைகள் மட்டும் கையில் இருந்தால், ஃப்ரான்ஸ் ராய்லோவின் பெயரால் வழங்கும் பழைய வடிவியல் உதவும். முதல் நிலையில் இரு புள்ளிகளைக் குறித்து, அவை இரண்டாம் நிலையில் போய்ச் சேர்ந்த இடங்களோடு தனித்தனியே இணைத்து, அந்தக் கோடுகளின் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் இடத்தைப் பார்த்தால் அதுவே சுழல்மையம். இந்தத் துறையில் இதைவிட நேர்த்தியான விடை கிடையாது. செவ்வகம், விழுக்காடு எதுவும் குறுக்கே வராமல் அசைவே மூட்டைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் நேர்த்திக்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலைகளுக்கு இடையே 60 பாகை இருந்தால், உறுப்பை வைத்த இடத்தில் நேரும் 1 அலகு பிழை மையத்திலும் 1 அலகாகவே நிற்கும். 5 பாகைதான் இருந்தால் அதே பிழை பதினொரு மடங்காகப் பெருகும். எனவே கை தொங்கும் நிலையும் நன்றாக உயர்ந்த நிலையும் வேண்டும், பக்கத்துப் பக்கத்து நிலைகள் உதவா. உயர்ந்த நிலையை ஓவியர் புதிதாக வரைந்திருந்தால் அங்கேயும் எச்சரிக்கை தேவை. நிஜ உடலில் கை தலைக்கு மேலே போகும்போது தோளும் ஏறுகிறது. நல்ல ஓவியர் அதையும் வரைந்திருப்பார். நிலையான ஒற்றை மூட்டு என்பதே நாம் படத்தின்மேல் சுமத்தும் மரபு.

மிஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் எளியது. உறுப்பை அதன் மூட்டு ஆதிப்புள்ளியில் விழும்படி வரைந்துவிடுவது. வெளியே ஒரு குரூப் அதைத் தோளின் இடத்துக்கு நகர்த்துகிறது. உள்ளே ஒரு குரூப் வெறும் கோணத்தை மட்டும் ஏற்கிறது. முன்கையின் குரூப் மேற்கையின் குரூப்புக்குள் உட்காருகிறது. சுழற்சிக்கு மையம் சொல்லவே தேவையில்லை. தடித்த கோடாகக் கையை வரைந்து முனைகளை உருட்டிவிட்டால், கோடு தொடங்கும் புள்ளியே மூட்டு. எந்தக் கோணத்திலும் மூட்டில் விரிசல் தெரியாது. முள்ளின் வாலை நீட்டினாலும் கையைத் தடிப்பாக்கினாலும் ஆதி ஆதியாகவே இருக்கும். தோளை 6 அலகு இறக்க ஒரே எண்ணை மாற்றினால் போதும், கீஃப்ரேம்களைத் தொடவே வேண்டாம். நான் வைத்த மூன்று கேள்விகளுக்கும் நேரான விடை தருவது இது ஒன்றே.

குறைகள் இல்லாமலில்லை. ஓவியர்கள் முழு உருவத்தைப் பக்கத்தில் வரைகிறார்கள். ஒவ்வொரு உறுப்பையும் ஆதிக்கு இழுத்துப்போவது அவர்கள் கைப்பழக்கத்துக்கு மாறானது. கோப்பைச் சுருக்கும் எஸ்விஜிஓ போன்ற கருவிகள் தேவையற்றவை என்று தோன்றும் குரூப்புகளைக் கலைத்து, நகர்வை வடிவத்தின் எண்களிலேயே கரைத்துவிடும். படம் ஒரு புள்ளியும் மாறாமல் இருக்கும், மூட்டுகள் மட்டும் போயிருக்கும். அந்த அமைப்புகளை அணைத்து வைக்காமல் இந்த முறையில் இறங்கக் கூடாது. வெளியிலிருந்து வந்த படத்துக்கு நான் இரண்டாவதாகப் பரிந்துரைப்பது அடையாள வட்டம்: தோள் இருக்கும் இடத்தில், அந்த உறுப்பின் தாய்க் குரூப்புக்குள்ளேயே, பெயரிட்ட சிறு வட்டம் ஒன்றை ஓவியர் வைக்க வேண்டும், ஸ்கிரிப்ட் அதன் மையத்தைப் படிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் இல்லாமல் இது நடக்காது, அதனால்தான் இரண்டாம் இடம். மூட்டு என்ற அறிவு படத்தோடு பயணப்படுகிறது, அதனால்தான் ஃபில்-பாக்ஸுக்கு மேலே வைக்கிறேன்.

இந்தச் சுற்றுவழிகள் அத்தனையும் தேவைப்படுவதற்குக் காரணம் எடிட்டர்கள். இங்க்ஸ்கேப்பில் ஓர் உருவத்தை இரண்டாம் முறை சொடுக்கினால் சுழல்மையத்தின் சிலுவைக்குறி தெரியும். அதை இழுத்துத் தோளில் வைக்கலாம். ஓவியர் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று. ஆனால் எடிட்டர் அதைத் தன் சொந்தப் பெயர்வெளியில், செவ்வகத்தின் நடுவிலிருந்து விலகலாக எழுதுகிறது. பிரவுசர் அதைப் படிப்பதில்லை. சாதாரண எஸ்விஜியாகச் சேமித்தால் அது உதிர்ந்தும் போகிறது. டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினை உறுப்பின் பண்பாகவே எழுதலாம் என்று தரநிலை இப்போது இடம் தந்துவிட்டது. ஓவியர் இழுத்து வைத்த சிலுவையை, பிக்சல் அளவில், வியூ-பாக்ஸை ஆதாரமாகக் கொண்டு எடிட்டர்கள் அந்தப் பண்பில் எழுதித் தரும் நாளில், மேலே நான் முதலிடம் கொடுத்த முறையை மறுபடி எடைபோடத் தயாராக இருக்கிறேன்.